நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணுவோம்



நம் வீடுகளில் நாட்காட்டிக்குக் குறைவில்லை. எனினும், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் நெருங்கிய பின்னரே வருமானச் சான்றிதழுக்காக அலைவோர் பலர். நாள் கடந்துவிட்டால் அவ்வாண்டின் உதவியைப் பிள்ளை இழக்க நேரிடுகிறது.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டூபான்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்கள் இணைந்து ‘கிரிட்டிக்கல் பாத்’ என்னும் திட்டமிடும் முறையை உருவாக்கின. ஒன்று முடிந்த பின்னரே அடுத்தது தொடங்கக்கூடிய வேலைகளைச் சங்கிலியாகக் கோத்துப் பார்த்தால், அவற்றுள் மிக நீண்ட சங்கிலியே பணி முடியும் நாளைத் தீர்மானிக்கிறது. அதில் ஒரு நாள் தவறினால் மொத்தப் பணியும் ஒரு நாள் தள்ளிப்போகும்.

நாமும் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். புகைப்படம் ஒரே நாளில் கிடைத்துவிடும். சான்றிதழோ அதிகாரிகள் சரிபார்த்த பின்னரே கிடைக்கும். ஆகவே, சான்றிதழ் வேலையை முதலில் தொடங்குவோம். ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கும் நாளையும், அதைச் செய்பவர் பெயரையும் நாட்காட்டியில் எழுதுவோம். எதிர்பாராத் தடைகளுக்கென ஒரு வாரத்தை ஒதுக்கி வைப்போம். வாரம் ஒருமுறை குடும்பத்தார் கூடி, முடிந்தவற்றை அடித்துவிட்டு, எஞ்சியவற்றைப் பேசுவோம். பத்து நிமிடம் போதும். பிள்ளையின் படிப்பு தடையின்றித் தொடரும்.