பொறிக்குச் சாதி உண்டா?



மனிதர் ஆணையை எதிர்பாராது தாமே முடிவெடுக்கும் பொறிகள் இன்று பெருகிவிட்டன. வேலைக்கு வந்த விண்ணப்பங்களுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதையும் அவை தீர்மானிக்கின்றன. “பொறிக்குச் சாதி இல்லை, எனவே அது நீதி வழங்கும்” என்று நம்மில் சிலர் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சி தகுமா?

நம் காஞ்சிபுரத்துத் தறியைப் பாருங்கள். ஜக்கார்டு பெட்டி பூட்டிய தறியில், அட்டையில் துளையிட்டபடியே கரையில் மயிலும் அன்னமும் எழும். துளை தவறினால் உருவமும் தவறும். குற்றம் தறியினுடையதன்று; துளையிட்ட கையினுடையது.

இப்புதிய பொறிகளுக்குக் கடந்தகால ஆவணங்களே அட்டை. அமேசான் நிறுவனம் ஆளெடுப்புக்கென உருவாக்கிய பொறியொன்று 10 ஆண்டுக் கால விண்ணப்பங்களைப் பயின்றது. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆதலின் ‘மகளிர்’ என்னும் சொல் அமைந்த விண்ணப்பங்களை அது தாழ்த்தி மதிப்பிட்டது. நிறுவனம் அதனைக் கைவிட்ட செய்தி 2018-இல் வெளிவந்தது. பெண்ணுக்கு நேர்ந்தது நமக்கு நேராதா? பெயரும் ஊரும் தெருவும் அறிந்த பொறிக்குச் சாதியைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் பொறியின் செயலை எந்த அளவுகோலால் அளப்பது? அண்ணல் அம்பேத்கர் லாகூர் மாநாட்டுக்கென எழுதி, அங்கு நிகழ்த்த இயலாமல் 1936-இல் நூலாக வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரை வழிகாட்டுகிறது. விதி வேறு, கோட்பாடு வேறு என்கிறார் அண்ணல். விதி, இன்னது செய் என்று பணிக்கும். கோட்பாடு, செய்வது நன்றா என எண்ணச் செய்யும். விதிக்குப் பணிவது இயந்திரச் செயல். கோட்பாட்டை ஓர்ந்து செய்பவனே பொறுப்புடையவன். பொறி விதியின் வழியே இயங்குவது. ஆகவே பொறுப்பு அதனை ஏவியவருக்கே உரியது. “கணிப்பொறி சொல்லிவிட்டது” என்பது விடையாகாது.

தமிழ்நாடு அரசு 2020-இல் செயற்கை நுண்ணறிவுக்கான அறநெறிக் கொள்கையை வெளியிட்டது. யுனெஸ்கோ 2021-இல் ஒரு பரிந்துரையை ஏற்றது. வெளிப்படைத்தன்மையையும் சமநீதியையும் பொறுப்புடைமையையும் இரண்டும் வலியுறுத்துகின்றன. ஆயினும் ஏட்டிலுள்ள நீதி, கேட்பவனுக்கே கிட்டும்.

எனவே இளைஞர்களே, மூன்று வினாக்களை மறவாதீர்கள்: இப்பொறிக்கு எதைக் கற்பித்தீர்கள்? அது தள்ளியவர்களுள் எம் மக்கள் எத்தனை பேர்? அதன் முடிவை மாற்ற வல்ல மனிதர் யார்? இவற்றுக்கு விடையில்லாத பொறி, எத்துணை விரைவாக இயங்கினும் அறமுடையதன்று.

கணிப்பொறியை இயக்க மட்டும் கற்றால் போதாது. அட்டையில் துளையிடும் இடத்திலும் நாம் அமர வேண்டும். அதற்கே கல்வி. ஜெய்பீம்!