கழுத்து அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் தீராத வலி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கழுத்தில் அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்ட ஒரு லோரி ஓட்டுநரை எடுத்துக்கொள்ளுங்கள். வயது 48. சிகிச்சைக்கு முன்பு, வலது தோளிலிருந்து விரல் நுனி வரை மின்சாரம் பாய்வதுபோல் வலி. இப்போது அது இல்லை. விரல்கள் மரத்துப்போவதும் நின்றுவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், எலும்பு நன்றாகக் கூடி வருகிறது என்கிறார். ஆனால் காலையில் எழும்போதே பின்கழுத்து இறுகிக் கிடக்கிறது. மதியத்துக்குள் வலி பிடரியில் ஏறி, கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. "என்னங்க, டாக்டர் எல்லாம் சரியாயிடுச்சுன்னுதானே சொன்னாரு?" என்று மனைவி கேட்கிறார். அவரிடம் பதில் இல்லை. வேலையிடத்திலோ, எம்.சி. எடுப்பதற்கு இது ஒரு சாக்கு என்று பேச்சு.

இப்படிச் சொல்லும் நோயாளிகள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் நடிக்கவில்லை. மருத்துவர் சொன்னதும் பொய்யில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இங்கே விளக்க வேண்டியது.

கழுத்தில் ஏழு எலும்புகள் உள்ளன. மேலே இருக்கும் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் தட்டு கிடையாது. அதற்குக் கீழே ஒவ்வோர் எலும்புக்கு இடையிலும் டிஸ்க் எனப்படும் மெத்தை போன்ற தட்டு உண்டு. இது பிதுங்கி நரம்பை நசுக்கினால் கை வலிக்கும், மரத்துப்போகும். தண்டுவடத்தையே அழுத்தினால் நடை தள்ளாடும், சட்டைப் பொத்தான் போடக்கூட விரல் ஒத்துழைக்காது. அப்போதுதான் அறுவைச் சிகிச்சை. முன்கழுத்தில் சிறு கீறல் போட்டு, கெட்டுப்போன தட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலும்புத் துண்டையோ சிறு கூண்டையோ வைத்து, பெரும்பாலும் உலோகத் தகடும் திருகாணியும் பொருத்துகிறார்கள். நாளடைவில் இரண்டு எலும்பும் ஒன்றாகக் கூடிவிடும். அமெரிக்காவில் 1950களில் ஸ்மித், ராபின்சன் ஆகியோர் ஒரு விதமாகவும், ஹவாயில் கிளவர்ட் வேறொரு விதமாகவும் இந்த முறையை உருவாக்கினார்கள். அடிப்படை இன்றும் அதுதான்.

இந்தச் சிகிச்சையின் முதல் நோக்கம் நசுங்கிய நரம்பை விடுவிப்பது. அந்த வேலையை இது பெரும்பாலும் நன்றாகவே செய்கிறது. கழுத்து வலியைத் தீர்ப்பது வேறு கதை. தட்டு ஒன்றே வலிக்குக் காரணம் என்றால் குணம் தெரியும். ஆனால் கழுத்தின் பின்புறத்திலுள்ள சிறு மூட்டுகள், தசைகள், தசைநார்கள் என்று வலிக்கப் பல இடங்கள் உள்ளன. அவற்றை யாரும் தொடவே இல்லையே! கை வலிக்காகக் கத்தி வைக்கிறோம், கழுத்து வலி குறையலாம், குறையாமலும் போகலாம் என்று அறுவைக்கு முன்பே பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால், பிறகு ஏற்படும் மனக்கசப்பில் பாதி குறைந்திருக்கும். அந்தப் பேச்சுதான் பல இடங்களில் விடுபட்டுப் போகிறது. பின்கழுத்தைப் பிளந்து செய்யும் அறுவை என்றால், தசைகளை எலும்பிலிருந்து விலக்க வேண்டியிருப்பதால் வலி இன்னும் கூடுதலாக, இன்னும் நீண்ட நாள் இருப்பதுண்டு.

சில நேரங்களில் காரணம் அறுவை செய்த இடத்திலேயே இருக்கும். எலும்பு கூடாமல் போவது அவற்றில் ஒன்று. வெளியே பார்த்தால் எல்லாம் சரி, உள்ளே நுண்ணிய அசைவு இருந்துகொண்டே இருக்கும். புகைபிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் நிக்கோட்டின் எலும்பு வளர்வதைத் தடுக்கிறது. சாதாரண எக்ஸ்ரேயில் ஐயம் தீரவில்லை என்றால், கழுத்தைக் குனிந்தும் நிமிர்த்தியும் எடுக்கும் எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் தெளிவுபடுத்தும். இன்னொன்று, அசைவு இழந்த பகுதிக்கு மேலும் கீழும் உள்ள தட்டுகள் தேய்வது. 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 374 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்குப் பக்கத்துத் தட்டில் புதிய தொல்லை வருகிறது என்று கணித்தது. பத்து ஆண்டுகளில் கிட்டத்தட்ட நால்வரில் ஒருவர். இணைப்பினால்தான் இந்தத் தேய்மானமா, இல்லாவிட்டாலும் வந்திருக்குமா என்பதில் மருத்துவர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை.

தலைவலிக்கு வருவோம். கழுத்தில் அறுவை செய்தால் தலை ஏன் வலிக்க வேண்டும்? கழுத்தின் மேல்பகுதியிலுள்ள முதல் மூன்று நரம்புகளும், முகத்துக்கும் கண்ணுக்கும் உணர்வு தரும் பெரிய நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அங்கே வந்துசேரும் தகவல் எங்கிருந்து கிளம்பியது என்று மூளையால் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை. பிடரியில் உள்ள மூட்டு வலிக்கிறது, மூளையோ அதைக் கண்ணிலும் நெற்றியிலும் உணர்கிறது. இங்கே ஒரு முக்கியமான குறிப்பு. பெரும்பாலான அறுவைகள் ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது எலும்புகளை ஒட்டியே நடக்கின்றன. தலைவலிக்கு மூலமோ பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது எலும்புகளுக்கு அருகில். ஆகவே கீழே செய்த சிகிச்சை எவ்வளவு சிறப்பாக நடந்திருந்தாலும், மேலே உள்ள வலியை அது தீர்க்காமல் போகலாம். அறுவைக்குப் பின் தலைவலி குறைந்தவர்களும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்த காரணம் பலருக்கு வியப்பாக இருக்கும்: மாத்திரை. தலை வலிக்கிறது என்று பெனடால், அது போதவில்லை என்றால் இன்னும் வலுவான ஒன்று. பெனடால் போன்ற எளிய வலி நிவாரணியை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கோடீன் கலந்த மாத்திரை போன்றவற்றை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் அதிகமாக விழுங்கி வந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். அந்தத் தலைவலிக்கு மறுபடியும் மாத்திரை. இந்த வட்டத்தை உடைக்க மருந்தைக் குறைக்க வேண்டும். முதலில் சில நாள், சிலருக்குச் சில வாரம் வலி கூடும்; பிறகு குறையும். மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டிய காரியம் இது. வலுவான மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

மீண்டும் எம்ஆர்ஐ எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஜப்பானில் எந்தத் தொல்லையும் இல்லாத 497 பேரின் கழுத்தைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 1998இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலானோருக்குத் தட்டுகள் தேய்ந்திருந்தன. ஒரு வலியும் இல்லாமல்! படத்தில் தேய்மானம் தெரிகிறது என்பதற்காக இன்னோர் அறுவைக்குக் கையெழுத்துப் போடுவது அவசரம். எலும்பு கூடவில்லை, நரம்பு மறுபடி நசுங்குகிறது என்று தெளிவான காரணம் காட்டினால் இரண்டாவது அறுவை நியாயம். வலி தீரவில்லை என்ற ஒன்றே காரணமாகாது. வேறொரு நிபுணரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது.

பின் என்னதான் செய்வது? பின்புற மூட்டுதான் வலிக்குக் காரணமா என்று அறிய, அதற்குச் செல்லும் மெல்லிய நரம்பில் மரப்பு ஊசி போட்டுச் சோதிக்கலாம். சில மணி நேரம் வலி மறைந்தால் இடம் தெரிந்துவிடும். பிறகு அந்த நரம்பை ஊசி வழியாகச் சூடேற்றிச் செயலிழக்கச் செய்யும் முறை உண்டு. 1996இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 24 பேரிடம் செய்த சோதனையில், உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி பாதி அளவுக்குத் திரும்பி வர ஏறத்தாழ 263 நாள் பிடித்தது. பெயருக்குச் செய்யப்பட்டவர்களுக்கு 8 நாள். அவர்கள் வாகன விபத்தில் கழுத்து அடிபட்டவர்கள், இணைப்பு அறுவை செய்துகொண்டவர்கள் அல்லர். நரம்பு மீண்டும் வளரும், வலியும் திரும்பும். நிரந்தரத் தீர்வு என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

பெரும்பாலோருக்குப் பலன் தருவது மெதுவான வழிதான். கழுத்தின் முன்புறத்தில் ஆழமாக உள்ள சிறு தசைகளுக்கு இயன்மருத்துவர் சொல்லித் தரும் பயிற்சி, தினமும் சிறிது நேரம், பல வாரங்கள். தலை ஏறத்தாழ 5 கிலோ எடை. தலைக்கவசம் சேர்ந்தால் இன்னும் ஒரு கிலோவுக்கு மேல். அந்தச் சுமையைத் தாங்கத் தசை வேண்டும். மருத்துவர் சொன்ன காலத்துக்கு மேலும் கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டே திரிந்தால் தசை மெலிந்துவிடும்.

முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சொடுக்கு எடுத்துவிடுவது நம்மவர்களிடையே பழைய பழக்கம். அறுவை செய்துகொண்டவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தவுடனே, "அண்ணே, கழுத்தைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட வேண்டும். நல்ல கழுத்திலேயே திடீர் முறுக்கலால் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

வேலை பற்றியும் ஒரு வார்த்தை. மலேசியாவில் வேலையிட விபத்திலோ, வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்திலோ அடிபட்ட சந்தாதாரர்களுக்கு சொக்சோ பாதுகாப்பு உண்டு. 2007இல் அது தொடங்கிய வேலைக்குத் திரும்பும் திட்டம், முன்பு செய்த வேலையைச் செய்ய இயலாதவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சிக்கும் மாற்று வேலைக்கும் உதவுகிறது. விண்ணப்பிக்காமல் வீட்டில் முடங்கியிருப்பவர்கள் சொக்சோ அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. கை காலில் புதிதாகப் பலவீனம், நடை தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சலோடு கழுத்து வலி, விழுங்குவதும் மூச்சு விடுவதும் கடினமாவது, இடி விழுந்ததுபோல் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி: இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. எழுந்து நின்றால் தலை வலிக்கிறது, படுத்தால் தணிகிறது என்றால் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். அறுவை செய்த மருத்துவரிடம் அதை அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள்.