மலையா தடுத்தது?

(கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலைப்பகுதின்னா பின்தங்கித்தான் கிடக்கும், ரோடு போட முடியாது, டாக்டர் வரமாட்டார் என்று ஒரு பேச்சு இருக்கிறது. இலங்கையின் நுவரெலியாவைப் பாருங்கள். அந்த மலையில் வெள்ளைக்காரன் ரயில் விட்டான், குதிரைப் பந்தயம் நடத்தினான், கோல்ஃப் மைதானம் போட்டான். அவனை எந்த மலை தடுத்தது?

இலங்கை அரசு தன் மக்களை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கெடுக்கிறது. தோட்டம் ஊரில்லையாம், கம்பெனி நிர்வாகம். 1987 பிரதேச சபைச் சட்டம், சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக நின்றது. அதைத் திருத்த 2018 வரை ஆயிற்று. அதாவது, தோட்டத்து மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த சபை, அவர்களுடைய லயத்துக்குப் போகும் பாதையில் அதுவரை ஒரு கூடை ஜல்லி கொட்ட முடியாமல் இருந்தது!

யார் இந்த மக்கள்? பெரும்பாலோர் நம் சேரிகளிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன பள்ளர், பறையர், சக்கிலியர். பெரிய கங்காணிகளில் பலர் மேல்சாதி. ஊரும் சேரியும் கப்பலேறிப் போயின என்பதை நம் வர்க்கத் தோழர்கள் ஏனோ பேசுவதில்லை.

1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் வெளியே நின்றன. ஐந்தாம் வகுப்பு போதும். கொழுந்து பறிக்க அதற்குமேல் எதற்கு? 1948இல் குடியுரிமையையே பறித்தார்கள். ஓட்டில்லாதவனுக்காக யார் பள்ளிக்கூடம் கேட்பது? அரசு அந்தப் பள்ளிகளைக் கையேற்கத் தொடங்கியது 1970களில். டாக்டராகியிருக்க வேண்டிய பிள்ளைகளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, டாக்டர் மலைக்கு வரமாட்டேங்கிறார் என்று இப்போது அழுகிறார்கள்.

பல தோட்டங்களில் டிஸ்பென்சரி கம்பெனியுடையது. அங்கே நோயாளியைப் பார்ப்பவர் பெரும்பாலும் டாக்டரல்ல, தோட்ட வைத்திய உதவியாளர். இவள் வேலைக்குப் போகலாமா, படுக்க வேண்டுமா என்று சொல்கிறவருக்குச் சம்பளம் கொடுப்பவன், அவளிடம் வேலை வாங்குகிறவன். இதில் மருத்துவம் எங்கே இருக்கும்? 2016 தேசிய சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க 100க்கு 17 பேர். தோட்டத்தில் 32 பேர்.

மலையகத் தோழர்கள் நிலம் கேட்கிறார்கள், ஆஸ்பத்திரிகளை அரசே நடத்தச் சொல்கிறார்கள். இன்னொன்றும் கேட்கிறார்கள்: முகவரி. பெரும்பாலான லயங்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும். வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம், தேதி கடந்தபிறகு பிள்ளையின் கைக்கு வருவதுண்டு.