தொன்மை என்னும் சொல்



தில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் ‘புராணா’ என்ற சொல்லைத் தெருவிலேயே கற்றுக்கொள்கின்றனர். தேய்ந்த செருப்பும் புராணா. மதுரா சாலையருகே நிற்கும் பதினாறாம் நூற்றாண்டுக் கோட்டையும் புராணா கிலா. ஊரிலிருந்து வரும் பாட்டியாரோ, அங்கே நிகழ்ந்த புராணம் யாது என்று வினவுவார். அவ்வினாவைப் பிழையென்று தள்ளுவதற்கில்லை. அவ்விடமே பாண்டவரின் இந்திரப்பிரத்தம் என்று சொல்வோரும் உளர். பண்டையது என்று பொருள்பட்ட ஒரே வடசொல், இந்தியில் செருப்புவரை இறங்கிவிட்டது. தமிழில் தெய்வக் கதையின்மேல் ஏறி அமர்ந்துவிட்டது.

நம் மொழியில் இப்பொருளுக்குச் சொற்பஞ்சம் இல்லை. பழமை என்பது வீட்டுக்குள் புழங்குவது. நேற்று வடித்து நீரூற்றிய சோறும் பழையதே. பண்டு என்றால் அக்காலம் கழிந்தது என்று பொருள். தொன்மை அவ்வாறன்று. தொன்றுதொட்டு என்னும்போது, அன்று தொடங்கியது இன்றும் அற்றுப்போகவில்லை என்ற குறிப்பு உண்டு. இதற்கு உறவான ‘தொல்லை’ என்ற சொல் பழைய இலக்கியங்களில் பழமையையும் குறித்தது. இன்று துன்பத்தை மட்டுமே குறிக்கிறது. மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருப்பவனுக்கு இம்மாற்றம் வியப்பளிப்பதில்லை!

வியப்பளிப்பது சட்டத்தின் கணக்கு. தொன்மைச் சின்னங்களைக் காக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், வரலாற்று அல்லது கலைச் சிறப்புடைய கட்டடம் 100 ஆண்டுக்குக் குறையாமல் நிலைத்திருந்தால் போதும் என்கிறது. தொல்பொருள்களுக்கான 1972-ஆம் ஆண்டுச் சட்டம், கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டே கேட்கிறது. இங்கே ‘பண்டைய’ என்று பெயர்த்தால் படிப்பவர் மனம் சங்க காலத்துக்கு ஓடிவிடும். 1920-இல் எழுந்த மண்டபம் அவருக்குக் கண்ணில் படாது. வழக்கில் ஊன்றியது ‘பண்டைய’ என்பதே என வாதிடும் நண்பர்கள் எனக்கு உளர். எனினும் நான் ‘தொன்மை’ என்றே எழுதுகிறேன்.

இது ஏட்டுச் சண்டை மட்டுமன்று. உங்கள் பாட்டனார் 1940-இல் எழுதிவைத்த மருத்துவக் குறிப்பேடு, அறிவியலாலோ வரலாற்றாலோ மதிப்புடையதாயின், இன்று சட்டப்படி தொல்பொருள். பணிமாற்ற ஆணை வந்து வீட்டைக் காலிசெய்யும் அவசரத்தில், பழைய காகிதக்காரரின் தராசுக்கு முதலில் போவது அவ்வேடுதான். வெளிநாட்டில் வாழும் மகனுக்கு அனுப்பிவிடலாம் என்று எண்ணுவோரும் உண்டு. அதற்கு இடமில்லை: தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அது அதிகாரமளித்த அமைப்புக்கும் மட்டுமே உரியது.