ஆளுக்கொரு மேசை

சிவகிரியிலிருந்து வந்திருக்கிறேன்.

என் வகுப்பில் ஆட்டிசம் உள்ள மாணவன் ஒருவன். ராஜபாளையம், சங்கரன்கோவில், பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று ரயில் நிலையங்களையே அடுக்கிக்கொண்டிருப்பான். "பாடத்தைக் கவனிடா" என்று பலமுறை அதட்டியிருக்கிறேன். ஆண்டு விழாவில் மேடையேற்றினேன். ஒலிபெருக்கிச் சத்தத்திலும் கைதட்டலிலும் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். தவறு என்னுடையது.

அடுத்த முறை மேடையும் ஒலிபெருக்கியும் வைக்கவில்லை. ஆளுக்கொரு மேசை. பிடித்ததைப் பற்றிப் பேசலாம். பேசாமல் காட்டவும் செய்யலாம். கைதட்டலுக்குப் பதில் கையசைப்பு. சத்தம் தாங்காதவர்களுக்குப் பக்கத்திலேயே அமைதியான அறை. என்னென்ன நடக்கும் என்பதை முந்தைய நாளே படங்களாக ஒட்டினோம். நானும் சேகரித்த விதைகளோடு ஒரு மேசையில் உட்கார்ந்தேன்.

அவன் ரயில் பாதையை வரைந்து வந்திருந்தான். "மதுரைக்கு எப்படிப் போறது?" என்று பிள்ளைகள் கேட்கக் கேட்க, விரல் வைத்துக் காட்டினான். இப்போது தூரம், நேரம் கணக்குகளை அந்தப் படத்திலிருந்தே நடத்துகிறேன்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. சட்டம் பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவரும். அவனுக்கு நண்பர்களைத் தேடித்தருவது நம் வேலை. திங்கட்கிழமை ஒரு பிள்ளையிடம் கேளுங்கள், "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று. பதில் வரும்வரை காத்திருங்கள்.