அரச பதவியைத் துறந்த அதிபர்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், கிண்ணியாவுக்கு அக்கரையிலுள்ள திருகோணமலைத் துறைமுகத்தின்மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. யுத்தமும் அரிசித் தட்டுப்பாடும் கிழக்கிலங்கையை வருத்திய அவ்வாண்டிலே, உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்புடன் கல்முனைக்கு வந்தார் ஏ. எம். ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்த அவர், இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் ஆவார்.

நெற்பஞ்சம் தீர்க்க வந்தவர் கண்டது வேறொரு பஞ்சம். அறிவிருந்தும் பணமின்மையாற் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் பலர். துறையைத் தோணியிற் கடந்தே பட்டணம் செல்லவேண்டியிருந்த கிண்ணியாப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் எவ்வளவு தூரம் என்பதைக் கூறவும் வேண்டுமோ? இத்தகையோருக்காகவே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அவர் முன்னின்று தொடக்கினார்.

சிவில் சேவை உத்தியோகத்துக்கு நாடே ஏங்கிய காலம் அது. அதனை 1948இல் துறந்து, டி. பி. ஜாயாவுக்குப்பின் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார் அஸீஸ். அக்காலத்தில் இதனைப் பேதைமை என்றோரும் இருந்திருப்பர். 1952இல் செனற் சபை உறுப்பினரான பின்னரும் கல்லூரியை விட்டாரல்லர். 1961வரை அங்கேயே பணியாற்றினார். சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்னும் கொள்கையைத் தம் கட்சியான ஐக்கிய தேசியக் கட்சி ஏற்றபோது அதிலிருந்து விலகினார். கட்சி போயிற்று, செனற்றிலே தமிழ் பேசுவோருக்காக எழுந்த குரல் போகவில்லை.

1973 நவம்பரில் அவர் மறைந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பின்னர் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கிற்று.