ஆராய்ச்சிப் படிப்பும் அதற்கான பணமும்
(பொன்விழா நாட்களில் பங்கின் பட்டதாரி இளைஞர்க்கும் பெற்றோர்க்கும் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



உயர்கல்வியைப் பற்றிப் பேசும்படி பொன்விழாக் குழுவினர் என்னைக் கேட்டார்கள். இந்தப் பொருளில் குருக்கள் பேசினால் உழைப்பு, ஒழுக்கம், செபம் என்று மூன்றையும் சொல்லி, ஆசீர் கொடுத்து அமர்ந்துவிடுவது வழக்கம். அவை மூன்றும் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றை ஞாயிறு தோறும் பீடத்திலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். இன்று மாலை நான் பணத்தைப் பற்றியும் தேதியைப் பற்றியும் பேசப் போகிறேன்.

ஏன் என்றால், நம் பங்கில் எம்.ஏ., எம்.எஸ்சி. முடித்த பிள்ளைகளுக்கு இன்று குறைவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கோவிலுக்குக் கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அதற்கு மேல் ஆராய்ச்சிக்குப் போகிறவர்களை மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம். கேட்டால் பெற்றோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "இன்னும் ஐந்து வருஷம் யார் சாமி சோறு போடுவது?" நியாயமான கேள்வி. அதற்கு விடை இருக்கிறது. அந்த விடை பலருடைய காதுக்கு எட்டவில்லை என்பதே என் வருத்தம்.

முனைவர் பட்ட ஆராய்ச்சி என்றால் பி.ஏ. படிப்பைப் போலவே பணம் கட்டிப் படிக்கும் படிப்பு என்று நம் மக்கள் எண்ணுகிறார்கள். தகுதித் தேர்வில் உயர்ந்த இடம் பெற்றவனுக்கு அரசாங்கமே மாதந்தோறும் பணம் தருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 1984-லிருந்தே தேர்வு வைத்து ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையைக் கொடுத்து வருகிறது. 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து அத்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. வீட்டு வாடகைப் படி தனி. நூல் வாங்கவும் பயணம் செய்யவும் ஒரு சிறு தொகை தனி. நம் ஊரில் தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் எம்.எஸ்சி. பட்டதாரி என்ன வாங்குகிறார் என்பதை நீங்களே அறிவீர்கள். ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தத் தேர்வுதான் நெட் என்பது. ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் என்று பெயரிட்டு நடக்கிறது. 2018 டிசம்பரிலிருந்து தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. அறிவியல் பாடங்களில் பலவற்றுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்று தனித் தேர்வு உண்டு. முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 50 போதும். முதுகலை இறுதியாண்டிலேயே எழுதலாம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே எந்தக் கேள்வியையும் விடாமல் எழுதுங்கள். முதல் தாள் எல்லோருக்கும் பொது. கற்பிக்கும் திறன், ஆராய்ச்சித் திறன், தர்க்கம், கணக்கு என்று 50 கேள்விகள். தமிழும் வரலாறும் படித்த பிள்ளைகள் இரண்டாம் தாளுக்குள்ளேயே மூழ்கியிருந்து, இந்த முதல் தாளில் கோட்டைவிடுகிறார்கள்.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிடுகிறேன். நெட் தேறியவர் எல்லோருக்கும் உதவித்தொகை கிடைக்காது. மேல்வரிசையில் வருகிறவருக்கே ஜே.ஆர்.எஃப். மற்றவருக்கு உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி. 2024 ஜூன் முதல் இன்னொரு வரிசையும் சேர்ந்தது: முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி. மாநில அரசின் செட் தேர்வு பேராசிரியர் பணிக்கான தகுதியைத் தரும், காசு தராது. மகன் "பாஸ் பண்ணிவிட்டேன்" என்று சொன்னால் எதில், எந்த வரிசையில் என்று பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜே.ஆர்.எஃப். பெறப் பொது வரம்பு 30 வயது. பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோருக்கு ஐந்தாண்டுச் சலுகை. பெண்கள் எல்லோருக்கும் அதே சலுகை உண்டு. ஆகவே பெண்பிள்ளைகளுக்கு 35 வரை வாசல் திறந்திருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு உச்ச வரம்பு ஆறு ஆண்டு, மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வும், மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கென 240 நாள் வரை விடுப்பும் 2022-ஆம் ஆண்டு விதிகளில் எழுதப்பட்டிருக்கின்றன. திருமண ஓலை வாசிப்பதற்காக என்னிடம் வரும் தாய்மாரே, சம்பந்தம் பேசும்போது இந்த விதியையும் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லுங்கள். கல்யாணத்தோடு படிப்பு முடிந்தது என்ற பேச்சுக்கு அரசாங்க விதியிலேயே இடமில்லை.

இனி நமக்கு நெருக்கமான, மனம் கனக்கும் செய்தி ஒன்று. சிறுபான்மையினருக்கென்று மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2009-இல் தொடங்கப்பட்டது. இசுலாமியர், சீக்கியர், பௌத்தர், பார்சியர், சமணரோடு கிறிஸ்தவரும் அதில் அடக்கம். 2022 டிசம்பரில் அதை 2022-23 முதல் நிறுத்திவிட்டதாக மத்திய அரசு மக்களவையில் அறிவித்தது. வேறு திட்டங்களோடு இது மேற்பொருந்துகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். ஒருவர் இரண்டு உதவித்தொகை வாங்காமல் தடுப்பது எளிது. அதற்காகத் திட்டத்தையே மூடுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. எவனோ ஒரு மாணவன் இரண்டு இலை போட்டுச் சாப்பிடுவான் என்று பந்தியையே கலைத்துவிட்டார்கள்.

இன்னொன்று. பட்டியல் இனத்தாருக்கான மத்திய அரசின் ஆராய்ச்சி உதவித்தொகை நம் தலித் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இல்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அப்படி. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அந்த ஆணை திருத்தப்பட்டது, நமக்குத் திருத்தப்படவில்லை. தெருவிலும் கிணற்றடியிலும் பட்ட துன்பத்தில் ஞானஸ்நானம் எந்த வேறுபாட்டையும் செய்யவில்லை; சலுகையில் மட்டும் செய்துவிட்டது. இதற்காக ஆண்டுதோறும் நாம் ஊர்வலம் போகிறோம், உண்ணாநோன்பு இருக்கிறோம், தொடர்ந்து செய்வோம். ஆனால் இந்த ஆண்டு முதுகலை முடிக்கும் பிள்ளை அது வரும்வரை காத்திருக்க முடியாது. அவனுக்கு மாநில அரசின் வாசல் இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர முனைவர் பட்ட மாணவருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தரும் திட்டத்தில் கிறிஸ்தவ ஆதிதிராவிடரையும் சேர்த்திருக்கிறது. அயல்நாட்டில் படிக்க 36 லட்சம் வரை தரும் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான திட்டமும் அவ்வாறே. பெயரிலேயே "கிறிஸ்தவ" என்று இருந்தும் நம்மில் எத்தனை பேர் விண்ணப்பித்தோம்?

பிற்படுத்தப்பட்ட வகுப்பாருக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 1000 பேருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தருகிறது. அதற்கும் நெட் மதிப்பெண்ணே அடிப்படை. சமூக அறிவியல் படிப்போருக்கு இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு இருக்கிறது. ஒற்றைப் பெண்பிள்ளையாகப் பிறந்தவர்க்கு சாவித்திரிபாய் பூலே பெயரில் ஒன்று. இவற்றையெல்லாம் விரித்தால் இரவு பூசைக்கு நேரமாகிவிடும்.

பத்துக் கன்னியர் உவமையை அறியாதவர் இங்கே யாருமில்லை. அந்த ஐந்து பேரும் கெட்டவர்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லை. அவர்களும் விளக்கோடுதான் வந்தார்கள், மணமகனுக்காகக் காத்திருந்தார்கள். எண்ணெய் வாங்கத் தாமதமாகப் போனார்கள், கதவு அடைபட்டது, அவ்வளவுதான். தேர்வு முகமையின் இணையதளமும் நள்ளிரவுக்குள் அடைபடும் கதவுதான். தட்டினால் திறப்பாரில்லை.

நம் பிள்ளைகளுக்கு எண்ணெய் குறையும் இடம் எதுவென்று அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கிற எனக்குத் தெரியும். அது சான்றிதழ். பிற்படுத்தப்பட்டோர் என்று வட்டாட்சியர் கொடுத்த நிரந்தர சாதிச் சான்று மத்திய அரசுத் தேர்வுக்குப் போதாது. மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவைச் சேராதவர் என்று, அந்த நிதியாண்டுக்குரிய சான்று தனியே வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை கடந்து வர வேண்டும். கடைசி நாளுக்கு முந்தின நாள் புறப்பட்டால் நடக்குமா?

அதைவிடப் பெரிய தொல்லை பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தோணி மரிய செல்வம். பத்தாம் வகுப்புச் சான்றில் எம். செல்வம், ஆதாரில் செல்வம் மரிய அந்தோணி. ஆங்கில எழுத்தில் அந்தோணிக்கு எத்தனை விதம் உண்டோ அத்தனையும் ஒரே வீட்டில் இருக்கும். இவர்கள் மூவரும் ஒருவரே என்று நான் கடிதம் தருகிறேன். ஆனால் என் முத்திரை கணினிக்குத் தெரியாது. பள்ளிச் சான்றில் உள்ளபடியே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் திருத்திக்கொள்ளுங்கள். இது இந்தக் கோடை விடுமுறையிலேயே முடிய வேண்டிய வேலை.

ஜூன் தேர்வுக்கான விண்ணப்பம் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களிலும், டிசம்பர் தேர்வுக்கு அக்டோபர், நவம்பரை ஒட்டியும் வந்திருக்கிறது. நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தும் அடி விழலாம். 2024 ஜூன் 18 அன்று நாடெங்கும் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்டவர் எழுதிய நெட் தேர்வு மறுநாளே ரத்து செய்யப்பட்டது. ஆகஸ்டு, செப்டம்பரில் மறுபடி எழுதினார்கள். கைக்குழந்தையோடு பேருந்து ஏறிப்போய் எழுதிய பெண்கள் அதில் உண்டு. ஆகவே ஒரே தேர்வை நம்பி ஓர் ஆண்டு முழுவதையும் கட்டிவைக்காதீர்கள். மாநில அரசு, பல்கலைக்கழகத்தின் சொந்த உதவித்தொகை என்று இரண்டு மூன்று இடங்களில் வலை வீசுங்கள்.

பணத்தைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. உதவித்தொகை கிடைத்த மறுமாதமே கைக்கு வராது. சேர்க்கைக் கடிதம், வழிகாட்டியின் கையொப்பம், பல்கலைக்கழகத்தின் உறுதிச் சான்று எல்லாம் இணையத்தில் ஏறி, வங்கிக்குப் போய் வருவதற்குள் பல மாதங்கள் ஓடும். இந்த இடைவெளியில்தான் ஏழைப் பிள்ளை விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் ஊர் திரும்புகிறான். பெற்றோரே, ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். இல்லாதவர்க்கு என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சேர்ந்தபின் என்ன? பட்டம் ஒன்றே வேலை தரும் காலம் போய்விட்டது. பேசவும் எழுதவும் கற்பிக்கவும் அந்த ஐந்தாண்டில் பழக வேண்டும். சுவயம் என்னும் அரசு இணையதளத்தில் பெரிய கல்வி நிறுவனங்களின் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். தேர்வுக்கும் சான்றுக்கும் மட்டுமே கட்டணம். சோத்கங்கா என்னும் தளத்தில் நாட்டின் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் திறந்து கிடக்கின்றன. தலைப்பு எடுக்கும் முன் நூறு ஆய்வேட்டையாவது அங்கே புரட்டுங்கள். பார்த்து எழுத வேண்டாம். 2018 விதிப்படி பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒப்புமை தெரிந்தால் திருத்தி எழுதச் சொல்வார்கள், அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. காசு வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் கட்டுரை அச்சிட்டுத் தரும் ஆய்விதழ்களிடம் போகாதீர்கள். 2022 விதிகளின்படி ஆய்வேடு ஒப்படைக்கும் முன் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயமும் நீங்கிவிட்டது. பிறகு எதற்காக அந்த வீண் செலவு?

தனிநாயகம் அடிகளாரை நினைத்துக்கொள்கிறேன். உரோமையில் இறையியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய குரு அவர். தூத்துக்குடி மறைமாவட்டத்தில், வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்த நாட்களில்தான் தமிழை ஆழக் கற்றார். அதன்பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இளைஞரோடு மாணவராக அமர்ந்து எம்.ஏ. படித்தார், ஆராய்ச்சியும் செய்தார். 1952-இல் "தமிழ்க் கலாச்சாரம்" என்று பொருள்படும் ஆங்கில இதழைத் தொடங்கினார். 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறக்கக் காரணமாக இருந்தார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. மாதச் சம்பளத்தில் முடிந்திருக்க வேண்டிய கல்வியா அது?

இனி, சொல்கிறேன் என்று சொன்னதற்கு வருகிறேன். பொன்விழாவுக்கென்று வரி பிரித்திருக்கிறோம். அலங்கார வளைவு, வாணவேடிக்கை, மேளம் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. அவற்றுக்கு நான் எதிரி அல்ல. திருவிழா என்றால் ஊர் சிரிக்க வேண்டும். ஆனால் வேடிக்கைக்கு ஒதுக்கிய தொகையில் பாதியை வின்சென்ட் தே பவுல் சபையிடம் கொடுத்து, ஆராய்ச்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு முதல் உதவித்தொகை வரும்வரை வட்டியில்லாக் கடனாகத் தரலாம் என்று நிதிக்குழுவின் முன் வைத்திருக்கிறேன். பணம் வந்ததும் அவர்கள் திருப்பித் தருவார்கள். அது அடுத்த பிள்ளைக்குப் போகும். சாதி, தெரு பார்க்காமல், சபைக்கு வெளியே உள்ள ஊர்ப் பிள்ளைக்கும் உண்டு என்று எழுதிவைக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. குழுவில் சிலர் முகம் சுளித்தார்கள். வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் கூட்டம் இருக்கிறது. கருத்துள்ளவர்கள் வந்து பேசுங்கள்.

அன்றே பள்ளியின் கணினி அறையை அருட்சகோதரிகள் திறந்து வைக்க இசைந்திருக்கிறார்கள். முதுகலை படிப்பவர், முடித்தவர் எல்லோரும் பத்தாம் வகுப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை எடுத்து வாருங்கள். பெயரை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை முதலில் முடிப்போம். ஞானஸ்நானப் பதிவேட்டை நானே கொண்டுவருகிறேன்.